நாற்பத்து மூன்று அங்குலம்

1999 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.40க்கு எழுந்தேன். பச்சைத் தண்ணீரில் குளியல். 5.05க்குக் காபி. முந்தின நாள் சாயங்காலம் பெய்த தூறலில் கொடியில் கிடந்த வேட்டி காயவில்லை. எடுத்து உள்ளே போட்டேன். மை நிரப்பிய பேனா இரண்டு, ரூல்தடி, பதிவேடு, விசில், நோட்டீஸ் கட்டு ஆகியவற்றைப் பையில் வைத்துக்கொண்டு 5.30க்குச் சைக்கிளில் கிளம்பினேன். ஊர் எல்லை தாண்டியதும் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டது. கடைசி ஒரு பர்லாங்கு சைக்கிளைத் தூக்காத குறையாக உருட்டிப் போனேன். பந்தய மைதானத்தை அடைந்தபோது 5.55. ஏழு மணி பத்து நிமிடத்துக்கு இரண்டு இட்லி, ஒரு வடை.

என் டைரியில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். அன்றைய பக்கம் அடிவரை நிரம்பியிருக்கிறது. எத்தனை வண்டிகள் வந்தன, எந்த ஓட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, விருந்தினர் எத்தனை மணிக்கு வந்தார், எல்லாம் இருக்கிறது. ஒருவரைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. பந்தயக் குதிரைகளின் உயரத்தை அளந்தவர் அவர். என் டைரியில் எதுவும் மறதியால் விட்டுப்போவதில்லை.

அவர் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. ஒரு முறை அந்தப் பெயரைக் கெடுத்தவன் நான். அவர் அனுமதி இல்லாமல் இன்னொரு முறை அதை எடுத்துப் புழங்க எனக்கு உரிமை கிடையாது.

கோவில்பட்டியில் மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில் அவர் தையல் கடை இருந்தது. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை. சுவரில் கண்ணாடி கிடையாது. "கண்ணாடி இருந்தா ஆளு நிமிந்துருவான். நிமிந்த ஆளுக்கு நான் தைக்கதில்ல" என்பார். ஆள் வெடவெடவென்று ஒல்லி. காதில் பென்சில், கழுத்தில் டேப், வாயோரத்தில் எப்போதும் இரண்டு குண்டூசி. குண்டூசியோடேயே பேசுவார், ஒரு நாளும் குத்திக்கொண்டதில்லை.

யாராக இருந்தாலும் மூன்று தடவை அளப்பார். முதல் தடவை அளந்ததை எழுத மாட்டார். இரண்டாவதையும் எழுத மாட்டார். மூன்றாவது தடவை டேப்பைச் சுற்றும்போது, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பார். வந்தவர் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் எக்கி வைத்திருந்த வயிறு இறங்கும். அந்த அளவைத்தான் சீட்டில் எழுதுவார்.

கல்யாணத்துக்குப் பேண்ட் தைக்க வந்த மாப்பிள்ளை ஒருவன், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோதும் மூச்சை விடாமல் தலையை மட்டும் ஆட்டினான். அவரும் விடவில்லை. "பொண்ணு எந்த ஊரு? ஆச்சிமார் எத்தன பேரு? ரிசப்ஷனுக்கு என்ன கலரு?" என்று வரிசையாகக் கேட்டார். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையைத்தான் ஆட்டினான். கடைசியில், "மாமியா எப்பிடி?" என்றார். அவன் பெருமூச்சு விட்டான். அளந்துவிட்டார். தைத்துக் கொடுத்தபோது, பேண்ட் ஒன்றரை இஞ்சு லூஸ் என்று அவன் கடை வாசலில் நின்று சத்தம் போட்டான். கல்யாணம் முடிந்து நாலாம் நாள் மறு வீட்டுச் சாப்பாடெல்லாம் சாப்பிட்டுவிட்டு வந்து, "அண்ணாச்சி, இதே அளவுல இன்னொன்னு" என்று துணியை நீட்டினான். அப்போது நான் அங்கே இருந்தேன். அவர் சிரிக்கவில்லை. சீட்டைத் தேடி எடுத்து, மறுபடியும் மூன்று தடவை அளந்தார்.

நான் ஒரு தீப்பெட்டி ஆலையில் டைம் கீப்பர். ஆட்கள் வரும் நேரமும் போகும் நேரமும் எழுதுவது என் வேலை. எங்கள் முதலாளிக்குக் குதிரை வண்டிப் பந்தயத்தில் பைத்தியம். வருஷத்துக்கு ஒரு முறை தைப்பொங்கலை ஒட்டி நடத்துவோம். கமிட்டித் தலைவர் அவர். எழுத்து வேலை சுத்தமாக இருக்கும் என்பதால் செயலாளர் நான்.

பந்தயத்துக்குப் பதினான்கு விதிகள் எழுதி நோட்டீஸில் போட்டிருந்தேன். முக்கியமானவை இவை. ஒற்றைக் குதிரை பூட்டிய வண்டி. குதிரை ஓட்டநடையில்தான் போக வேண்டும். நாலுகால் பாய்ச்சலில் பாய்ந்துவிட்டால் பத்து எண்ணுவதற்குள் சாரதி அதை இழுத்து நடைக்குக் கொண்டுவர வேண்டும், தவறினால் ஒரு புள்ளி கழியும். திருப்பத்தில் நட்ட கொடியைத் தட்டிவிட்டால் இரண்டு புள்ளி கழியும். ஆளுக்கு இரண்டு ஓட்டம், வந்து சேரும் வரிசைப்படி புள்ளி. இரண்டிலும் வாங்கிய புள்ளியைக் கூட்டிப் பரிசு. எல்லாவற்றுக்கும் முதல் விதி உயரம். நாற்பத்து மூன்று அங்குலமும் அதற்குக் கீழும் சின்னக் குதிரை. அதற்கு மேல் ஒரு நூல் போனாலும் பெரிய குதிரையோடுதான் ஓட வேண்டும். காலின் நீளம் கூடினால் எட்டும் கூடும் என்பதால் இதில்தான் சண்டையே வரும்.

முதல் இரண்டு வருஷம் உயரத்தைச் சாண் போட்டு அளந்தார்கள். ஒருவர் சாணுக்கும் இன்னொருவர் சாணுக்கும் அடிதடி ஆனது. மூன்றாம் வருஷம் யாரோ போய், "டேப்பு வச்சிருக்க ஆளக் கூட்டிட்டு வாங்கலே" என்று சொல்லி, கடையில் இருந்த அவரை அப்படியே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் இறங்கிக் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"டேப்பு வச்சு இத எப்பிடி அளக்க? வயித்தோட வளஞ்சுல்லா போவும். நான் என்ன குதிரைக்குப் பேண்டா தைக்கப் போறேன்?" என்றார். அந்த வருஷம் அளக்க மறுத்துவிட்டார். அடுத்த வருஷம் ஒரு கோலோடு வந்தார். தச்சரிடம் சொல்லிச் செய்தது. நேரான தேக்கு, அடியில் அகலமான பலகை, மண்ணில் இறங்காமல் நிற்க, மேலும் கீழும் நகரும் குறுக்குச் சட்டம். அந்தச் சட்டத்தைக் குதிரையின் பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டு எலும்பின்மேல் படிய வைப்பார். மைதானத்து ஓரத்தில் ஒரு பழைய மோட்டார் ரூம் உண்டு. அதன் முன்னால் எட்டடிக்கு நாலடி கல் தளம். அதன்மேல்தான் குதிரை நிற்க வேண்டும் என்றார். "நம்ம மண்ணு பொம்பளப் பிள்ள மனசு மாதிரி இல்ல தம்பி, நம்ம முதலாளி மனசு மாதிரி. ஒரு தூறலுக்குப் பொங்கும், ஒரு வெயிலுக்கு வெடிக்கும்" என்று என் காதோடு சொன்னார். பதிவேட்டில் 'அளந்த இடம்' என்று ஒரு பத்தி போட வைத்ததும் அவர்தான். வருஷா வருஷம் அந்தப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை 'கல்' என்றே எழுதுவேன்.

மனிதர்களைப் போலவே குதிரைகளும் ஏமாற்றும் என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். ஏமாற்றுவது குதிரை இல்லை, குதிரைக்காரன். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அந்த மேட்டு எலும்பில் ஆணி நுனியால் குத்திக் குத்திப் பழக்குவார்கள். அப்புறம் அங்கே எது பட்டாலும் குதிரை முதுகைத் தாழ்த்திக்கொள்ளும். முக்கால் அங்குலம் இறங்கிவிடும். அப்படி ஒரு குதிரை வந்தபோது அவர் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெறும் கையை அதன் முதுகில் வைத்துக்கொண்டு நின்றார். கடலை மிட்டாயைக் கடித்துப் பாதியைத் தான் தின்று பாதியை அதற்குக் கொடுத்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று.

"அண்ணாச்சி, குதிரைய அளக்கீயளா, அதுட்ட சம்பந்தம் பேசுதீயளா?" என்றான் குதிரைக்காரன்.

"ஒம்மேல உள்ள பயம் அதுக்குப் போவட்டும்டே. போன பொறவு அளக்கேன்."

சொன்னபடி குதிரைக்கு அலுத்துப்போய் ஒரு காலைத் தளர்த்திக் கொட்டாவி விட்ட பிறகு, நாலு காலையும் நேராக நிறுத்தி மூன்று தடவை அளந்தார். நாற்பத்து மூன்றே முக்கால். குதிரைக்காரன் அதை ஓட்டிக்கொண்டு போனான்.

சொந்த மைத்துனர் குதிரை கால் அங்குலம் கூடுதலாக இருந்தபோதும் இதே கதைதான். "கால் இஞ்சுக்கு என்னய்யா, லாடத்துல போயிரும்" என்று மைத்துனர் கேட்டார். "லாடத்தக் கழத்திட்டு வா, அளக்கேன்" என்றார் இவர். கழற்றியும் அளந்தார். அப்போதும் ஒரு நூல் கூடுதல். "பத்து நாளு வீட்டுல சோறு உண்டு தம்பி, பேச்சு கெடையாது" என்று என்னிடம் பிறகு சொன்னார். வருத்தமாகச் சொன்னது போலத் தெரியவில்லை. அதையும் ஓர் அளவு போலத்தான் சொன்னார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். என்னை அளக்கும்போது, "இடது தோளு அரை இஞ்சு எறங்கிருக்கு, எந்நேரமும் எழுத்துதானா?" என்று கேட்டுவிட்டு, வெளியே தெரியாதபடி அந்தப் பக்கத்தில் மட்டும் துணியைச் சற்றே தூக்கித் தைப்பார். பந்தய நாட்களில் அவர் எண்ணைச் சொல்ல நான் எழுதுவேன். "நான் அளக்கேன், நீங்க எழுதுதீங்க. ரெண்டுல ஒண்ணு தப்புனா ரெண்டுமே தப்பு" என்பார். நான் எழுதியதை ஒரு நாளும் எட்டிப் பார்த்துச் சரி பார்த்ததில்லை.

அந்த 17ஆம் தேதிக்கு வருகிறேன்.

அளவு காலை ஆறே காலுக்குத் தொடங்கியது. எட்டரைக்குள் எல்லாக் குதிரைகளும் முடிந்துவிட்டன, சின்னக் குதிரை ஒன்று தவிர. அது கடம்பூரிலிருந்து வர வேண்டியது. வழியில் லாரி டயர் பஞ்சர். நோட்டீஸில் முதல் ஓட்டம் ஒன்பது மணி என்று போட்டிருந்தேன். நான் போட்ட நேரம் தவறியதே இல்லை.

எட்டே முக்காலுக்கு, பந்தயத்தைத் தொடங்கிவைக்க வேண்டிய விருந்தினர் வந்துவிட்டார். பந்தலில் போட்டிருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும் நாலு காலும் ஈர மண்ணில் இறங்கி, அவர் ஒரு பக்கமாகச் சரிந்தார். முதலாளி பதறிப்போய், "ஏலே, அந்தக் கல்லு மேல தூக்கிப் போடுங்கலே" என்று கத்தினார். மோட்டார் ரூம் முன்னாலிருந்த கல் தளம் முழுவதும் நாற்காலிகளால் நிறைந்தது. சுற்றிக் கயிறு கட்டி ஆட்களை விலக்கினார்கள். அந்த நேரத்தில் கடம்பூர் லாரி வந்து நின்றது. நாற்காலிப் பரபரப்பில் எங்கள் இருவரைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மணி 8.50. நான் அவரிடம் போய், "அண்ணாச்சி, இந்த ஒண்ண மட்டும் பின்னால மண்ணுல வச்சு அளந்துருங்க" என்றேன்.

"மண்ணுலயா?"

"ஒரே ஒரு குதிரைதான. அவியள எப்பிடி எந்திரிக்கச் சொல்ல?"

அவர் கல் தளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாற்காலி எறங்குதுன்னு கல்லுல தூக்கிப் போடுதீங்க. குதிரை மட்டும் எறங்காதா தம்பி?"

கடிகாரத்தைக் காட்டினேன். "எனக்காக அண்ணாச்சி" என்றேன். அந்த வார்த்தையை அதற்கு முன் அவரிடம் சொன்னதில்லை.

மோட்டார் ரூம் சுவருக்கும் கல் தளத்துக்கும் நடுவில், கயிற்றுக்கு உள்பக்கமாக, குதிரையை நிறுத்தினார். கல்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களுக்கு முதுகு காட்டி ஓட்டப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவர், குதிரைக்கு உடையவர், அவருடைய சாரதி. வேறு யாரும் இல்லை. அவசரத்திலும் மூன்று தடவை அளந்தார்.

"மண்ணுல நாப்பத்து மூணு. கல்லுல எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. மண்ணுன்னே எழுதிருங்க."

"எழுதிக்கிடுதேன்."

நான் எழுதவில்லை. காரணம், அந்தப் பத்தி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து, கோடு போட்டு, பதிவு செய்துகொண்ட எல்லாக் குதிரைகளுக்கும் நேராக 'கல்', 'கல்', 'கல்' என்று எழுதி வைத்திருந்தேன். காலையில் நேரம் மிச்சமாகும் என்று. அடித்தால் பக்கம் அசிங்கமாகும். ஓட்டம் முடிந்து குறிப்பாக எழுதலாம் என்று நினைத்தேன். 8.59க்கு விசில் ஊதினேன். டைரியில் அது இருக்கிறது.

சின்னக் குதிரையில் அந்தக் கடம்பூர்க் குதிரைதான் ஜெயித்தது. இரண்டு ஓட்டத்தையும் கூட்டினால் ஒரே ஒரு புள்ளி கூடுதல். இரண்டாவதாக வந்தவர் கயத்தாற்றுக்காரர். அவர் வண்டியை விட்டு இறங்கியதும் நேரே முதலாளியிடம் வந்து, "அது சின்னக் குதிரையே இல்ல. என் குதிரைக்குப் பக்கத்துல நிக்கும்போதே தெரியுது. திரும்ப அளக்கணும்" என்றார். மைதானத்தில் கூச்சல் பெரிதானது. முதலாளி, குதிரையை எங்கள் ஆலைக்குக் கொண்டுவரச் சொன்னார். அங்கே லாரியில் சரக்கேற்றும் முற்றம் முழுவதும் சிமெண்ட்.

மாலை ஐந்தரை. முற்றத்தில் கமிட்டி ஆட்கள், இரண்டு குதிரைக்காரர்கள், அவர், நான். அவரே அளந்தார். வேறு யாரும் அளக்கட்டும் என்று சொல்லவில்லை. மூன்று தடவையும் அளந்துவிட்டு, சட்டத்தை இறுக்கி, எல்லோரும் பார்க்கும்படி கோலைத் திருப்பினார்.

"நாப்பத்து மூணரை."

"காலையில மூணு, இப்பம் மூணரையா?" என்றார் கயத்தாற்றுக்காரர். "மத்தியானச் சோத்துல வளந்துட்டோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "காலையில மண்ணுல வச்சு அளந்தேன். குளம்பு எறங்கிட்டு" என்றார்.

முதலாளி என் பக்கம் கையை நீட்டினார். பதிவேட்டைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரியைத் தொட்டுப் போனார். "கல்லுன்னுல்லா எழுதிருக்கு."

"தம்பிட்ட கேளுங்க" என்றார் அவர். என் பக்கம் திரும்பி நின்றார். முகத்தில் கோபம் இல்லை. எண்ணைச் சொல்லிவிட்டு நான் எழுதி முடிக்கக் காத்திருப்பாரே, அப்படித்தான் நின்றார்.

முதலாளி எனக்கு முன்பே பேசிவிட்டார். "தம்பி எழுத்து தப்பாதுய்யா. பத்து வருஷமா எங்கிட்ட டைம் எழுதுதான். ஒரு நிமிஷம் மாறுனதில்ல."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டு வாக்கியம். மண்ணில் அளக்கச் சொன்னது நான். பத்தியை முந்தின நாளே நிரப்பி வைத்தவனும் நான். சொல்லியிருந்தால் வேலை போயிருக்காது. முதலாளி இரண்டு வசவு வைதிருப்பார். கயத்தாற்றுக்காரர் ஒரு நக்கல் அடித்திருப்பார். அவ்வளவுதான். ஆனால் 'தம்பி எழுத்து தப்பாது' என்ற வார்த்தை காதில் விழுந்த அடுத்த நொடியில் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எழுதுனது எழுதுனபடிதான் இருக்கு" என்றேன்.

கடம்பூர்க்காரரைக் கேட்டார்கள். "எனக்கு எங்கய்யா நெனப்பு? அளந்துவிட்டாங்க, ஓட்டுனோம்" என்றார். சாரதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. 'இவன்தான் சொன்னான்' என்று ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குப் பதிலாக முதலாளியிடம், "மோட்டார் ரூமுக்கும் கல்லுக்கும் நடுவுல போய்ப் பாருங்க. கயித்துக்கு உள்ள, கூட்டம் மிதிச்சிருக்காது. நாலு குளம்பும் பதிஞ்சு கெடக்கும். பக்கத்துல என் கோலுப் பலக அடையாளம் மேலாப்புல இருக்கும். மண்ணு காஞ்சா நல்லாவே தெரியும்" என்றார்.

இருட்டத் தொடங்கியிருந்தது. "சரி, காலையில எட்டு மணிக்கு எல்லாரும் போய்ப் பாப்போம்" என்றார் முதலாளி.

எட்டு மணிக்குப் போனோம். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. கல் தளத்துக்குப் பின்னால் கயிற்றுக்குள் மண் கலங்கிக் கிடந்தது. குளம்புத் தடம் ஒன்றுகூட இல்லை. முதலாளி, "எங்கவே?" என்றார். அவர் குனிந்து உட்கார்ந்து மண்ணில் உள்ளங்கையை வைத்தார். பிறகு நிமிர்ந்தார். அங்கே நின்ற எல்லோர் செருப்பிலும் முந்தின நாள் கரிசல் காய்ந்து கட்டி கட்டியாக அப்பியிருந்தது. என் செருப்பில் மட்டும் அந்தக் காய்ந்த மண் இல்லை, கழுவித் துடைத்தது போல இருந்தது. அதைப் பார்த்தார். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பார்க்காமல் நான் நின்ற சில நேரங்களில் அதுவும் ஒன்று.

"சரி மொதலாளி. நான் தப்பா அளந்துட்டேன்னே வச்சுக்கிடுங்க" என்றார். கோலை எடுத்துக்கொண்டு நடந்து போனார்.

கோப்பை கயத்தாற்றுக்குப் போயிற்று. அடுத்த வருஷத்திலிருந்து வேறு ஆள் அளந்தார்.

அதோடு முடிந்திருந்தால் சரி. சந்துக்குள் அது முடியவில்லை. கடை முன்னால் போகிறவர்கள் எல்லாம், "அண்ணாச்சி, கல்லுல நிக்கட்டுமா, மண்ணுல நிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். டீக்கடைப் பையன்கள்கூடக் கேட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஊரில் ஒருவரைக் கேலி செய்ய ஒரு வார்த்தை கிடைத்தால் அது தேயும்வரை ஓட்டுவார்கள். "சட்ட அரை இஞ்சு வளராதுல்லா?" என்று ஒருவர் கேட்க, அவர், "வளந்தா கொண்டாங்க, வெட்டித் தாரேன்" என்றார். முதல் ஒரு மாதம் இப்படிப் பதில் சொன்னார். பிறகு சொல்லவில்லை.

நான் தொடர்ந்து அவரிடம்தான் சட்டை தைத்தேன். தேவைக்கு மேல் தைத்தேன். டைரியைப் பார்க்கிறேன்: அந்த ஒரு வருஷத்தில் ஏழு சட்டை. அப்போதுதான் அந்த மாற்றத்தைக் கவனித்தேன். மூன்று தடவை அளந்தவர் நாலு தடவை, ஐந்து தடவை அளந்தார். அளந்து முடித்ததும் டேப்பை என் கண் முன்னால் கொண்டுவந்து, "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். எல்லோரிடமும் அப்படித்தான் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நான் எண்ணைப் படித்துச் சொல்வேன். அவர் எழுதுவார்.

2002இல் ஒரு தடவை கடையில் வேறு யாரும் இல்லாதபோது, "அண்ணாச்சி, அன்னிக்கு மைதானத்துல..." என்று ஆரம்பித்தேன்.

வாயில் குண்டூசியோடு, "கையத் தூக்குங்க" என்றார்.

தூக்கினேன். டேப் மார்பைச் சுற்றி வந்தது. அளந்து முடித்ததும் இடது தோளில் விரலை வைத்து லேசாக அழுத்தினார். "இன்னும் கொஞ்சம் எறங்கிட்டு" என்றார். நான் ஆரம்பித்ததை முடிக்கவில்லை. தைத்துக் கொடுத்த சட்டையில் அந்தப் பக்கம் வழக்கம் போலச் சற்றே தூக்கியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகும்போதெல்லாம், பார்க்கிறவர்களுக்கு நான் நேரான ஆளாகத் தெரிந்தேன்.

2006இல் கடையை மூடிவிட்டு மகளோடு இருக்கத் திருப்பூருக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

முதலாளி இறந்துவிட்டார். பந்தயம் நின்றுவிட்டது. கடம்பூர்க்காரரையும் சாரதியையும் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அன்று மண்ணில் அளந்தது உண்மை என்று சொல்லக்கூடியவன் இப்போது நான் ஒருவன்தான். அதனால் 18ஆம் தேதி டைரிப் பக்கத்தில் விட்டுப்போனதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அந்தப் பக்கம் 7.10 மணி, காபி என்று தொடங்குகிறது. நான் எழுந்தது வழக்கம் போல 4.40க்கு.

எழுந்ததும் பல் தேய்க்கவில்லை. வீட்டில் யாரையும் எழுப்பவில்லை. சக்கரத்தில் மண் அடைக்கும் என்று சைக்கிளை எடுக்காமல் நடந்தே போனேன். கிழக்கு வெளுக்கும் நேரத்துக்கு மோட்டார் ரூமை அடைந்தேன். அவர் சொன்ன இடத்தில், அவர் சொன்னபடியே, நாலு தடங்கள் இருந்தன. முன்னங்கால் இரண்டும் ஒரே கோட்டில், பின்னங்கால் இரண்டும் ஒரே கோட்டில். அத்தனை அவசரத்திலும் குதிரையை நேராகத்தான் நிறுத்தியிருக்கிறார். பக்கத்தில் பலகையின் அடையாளம், தோல் கீறினது போல, மண்ணின் மேலாகவே இருந்தது. பையிலிருந்து ரூல்தடியை எடுத்து ஒவ்வொரு தடத்திலும் விட்டுப் பார்த்தேன். அரை அங்குலம். நாலிலும் அரை அங்குலம். ரூல்தடியைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு, முன்னங்கால் தடத்திலிருந்து தொடங்கி, செருப்புக் காலால் ஒவ்வொன்றாக மிதித்து மூடினேன்.